ஸ்டீவி வொண்டரின் 'இன்னர்விஷன்ஸ்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1973 ஆகஸ்ட் 3 அன்று வெளிவந்த 'இன்னர்விஷன்ஸ்' அமெரிக்க ஃபங்க், சோல் இசையின் உச்சங்களில் ஒன்று. ஆட வைக்கும் தாளத்துக்குள் வறுமை, நிறவெறி, போதை, ஏமாற்று அரசியல் எல்லாவற்றையும் கொண்டுவந்த ஆல்பம். இதைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ஆல்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மொத்தம் 9 பாட்டுகள், ஏறக்குறைய 44 நிமிடம். இசைத்தட்டாக வந்தபோது முதல் பக்கத்தில் நான்கு, இரண்டாம் பக்கத்தில் ஐந்து. எல்லாப் பாட்டுகளையும் எழுதி, இசையமைத்து, தயாரித்தவர் ஸ்டீவி வொண்டர். அப்போது அவருக்கு வயது 23. மோட்டவுன் நிறுவனத்தின் டாம்லா லேபிளில் வெளிவந்தது.

ஃபங்க், சோல் என்றால் என்ன? இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல, நெருங்கிய உறவு. சோல் என்பது கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வந்தது. தேவாலயத்தில் கடவுளை நோக்கிப் பாடிய அதே குரலில், அதே உருக்கத்தோடு காதலையும் வாழ்க்கையையும் பாடத் தொடங்கியபோது 1950-களில் சோல் உருவானது. அப்புறம் 1960-களின் நடுவில் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் பாட்டின் மெட்டைப் பின்னுக்குத் தள்ளி, தாளத்தை முன்னால் கொண்டுவந்தார். டிரம்ஸ், கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ், கிட்டார் எல்லாமே தாள வாத்தியங்களாக மாறின. ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடி அழுத்தமாக விழும், மற்ற அடிகள் அதைச் சுற்றி இடைவெளி விட்டு விளையாடும். அதுதான் ஃபங்க்.

'இன்னர்விஷன்ஸ்' இரண்டையும் கலக்கிறது. தாளத்தில் ஃபங்க், குரலில் சோல், சில பாட்டுகளின் ஸ்வர அடுக்குகளில் ஜாஸ்.

ஸ்டீவி வொண்டர் குழந்தை நட்சத்திரமாக இருந்தவர்தானே?

ஆமாம். 1950 மே 13 அன்று மிச்சிகன் மாநிலத்தின் சாகினாவில் குறைமாதத்தில் பிறந்தார். இன்குபேட்டரில் ஆக்சிஜன் அதிகமானதால் விழித்திரை பாதிக்கப்பட்டு, கைக்குழந்தையிலேயே பார்வை போய்விட்டது. வளர்ந்தது டெட்ராய்ட்டில். 11 வயதில் மோட்டவுனில் சேர்ந்தார். 1963-இல், 13 வயதில், 'ஃபிங்கர்டிப்ஸ்' என்ற மேடைப் பதிவு அமெரிக்காவின் முதலிடப் பாட்டானது. அந்த நாட்களில் அவரை 'லிட்டில் ஸ்டீவி' என்றுதான் விளம்பரப்படுத்தினார்கள்.

அவருடைய தாய் லூலா ஹார்டவே தெற்கே அலபாமா மாநிலத்தில் பிறந்து வடக்கே வந்தவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'லிவிங் ஃபார் த சிட்டி' பாட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

அப்படியானால் திடீரென்று இப்படி ஒரு ஆல்பம் எப்படி வந்தது?

திடீரென்று வரவில்லை. இந்த ஆல்பத்தின் கதை ஒரு ஒப்பந்தத்தில் தொடங்குகிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

1959-இல் பெர்ரி கோர்டி தொடங்கிய மோட்டவுன், கார் தொழிற்சாலையின் முறையில் பாட்டு தயாரித்த நிறுவனம். எழுத ஒரு குழு, வாசிக்க ஒரு குழு, பாட ஒருவர், எது வெளிவர வேண்டும் என்று தீர்மானிக்க வாரக் கூட்டம். கோர்டியே ஒரு காலத்தில் கார் ஆலையில் வேலை பார்த்தவர். அருமையான பாட்டுகள் அந்த முறையில்தான் வந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் பாடுகிறவருக்குத் தன் பாட்டின் மேல் அதிகாரம் குறைவு.

1971 மே மாதம் ஸ்டீவிக்கு 21 வயது நிறைந்தது. சிறுவனாக இருந்தபோது போட்ட ஒப்பந்தம் அதோடு முடிந்தது. அவர் உடனே மறுகையெழுத்துப் போடவில்லை. தன் சம்பாத்தியத்தைப் போட்டு, ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்து, யாருடைய அனுமதியும் கேட்காமல் பதிவு செய்யத் தொடங்கினார். அப்புறம் ஜோஹனன் விகோடா என்ற வழக்கறிஞரை வைத்துக்கொண்டு மோட்டவுனோடு புதிதாகப் பேரம் பேசினார். என்ன பாட வேண்டும், எப்படிப் பாட வேண்டும் என்ற முடிவு தன் கையில், ராயல்டி அதிகம், பாட்டுகளின் பதிப்புரிமைக்குச் சொந்த நிறுவனம். இவ்வளவையும் வாங்கினார்.

ஒரு கறுப்பின இளைஞனின் சிறைவாசத்தை 7 நிமிடத்துக்கு மேல் பாடும் ஒரு பாட்டு, பழைய மோட்டவுனின் வாரக் கூட்டத்தைத் தாண்டி வெளியே வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். சமூகத்தைப் பற்றிப் பாடும் சுதந்திரத்தை அவர் முதலில் காகிதத்தில் எழுதி வாங்கினார். இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வரிகளைப் புகழ்கிறார்கள், மெட்டைப் புகழ்கிறார்கள். அந்தக் காகிதத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

டோண்டோ, டோண்டோ என்கிறார்களே, அது என்ன?

ஒரு சிந்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி. ஆனால் மேசை மேல் வைக்கிற அளவு அல்ல. வளைந்த மரப்பெட்டிகளில் மோக், ஆர்ப் முதலிய கருவிகளைச் சேர்த்து அடுக்கிய, ஒரு அறையையே நிறைக்கும் இயந்திரம். நடுவில் நின்றால் சுற்றிலும் குமிழ்களும் ஒயர்களும்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜாஸ் பேஸ் கலைஞர் மால்கம் செசில், அமெரிக்கரான ராபர்ட் மார்கோலெஃப் இருவரும் சேர்ந்து உருவாக்கியது. இதை வைத்து 1971-இல் 'ஜீரோ டைம்' என்று ஒரு ஆல்பமும் போட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு, அந்தத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டே ஸ்டீவி அவர்களைத் தேடி நியூயார்க்கின் மீடியா சவுண்ட் ஸ்டூடியோவுக்குப் போனார். 21 வயது நிறைந்த அதே மே மாதத்தில்.

அதற்குப் பிறகு மூவரும் கூட்டாக வேலை செய்தார்கள். ஸ்டீவி வாசிப்பார், மற்ற இருவரும் அவருக்கு வேண்டிய ஒலி வரும்வரை ஒயர்களை மாற்றிக் குமிழ்களைத் திருகுவார்கள். 1972-இல் வந்த 'மியூசிக் ஆஃப் மை மைண்ட்', 'டாக்கிங் புக்', அப்புறம் 'இன்னர்விஷன்ஸ்', 1974-இன் 'ஃபுல்ஃபில்லிங்னெஸ் ஃபர்ஸ்ட் ஃபினாலே', நான்கும் இந்தக் கூட்டணியில் வந்தவை. 'இன்னர்விஷன்ஸ்' ஒலிப்பதிவுக்காக செசிலுக்கும் மார்கோலெஃபுக்கும் கிராமி விருதே கிடைத்தது. டோண்டோ இப்போது கனடாவின் கால்கரி நகரில், தேசிய இசை மையத்தில் இருக்கிறது. பழுது பார்த்து வாசிக்கும் நிலையில் வைத்திருக்கிறார்கள்.

எல்லா வாத்தியங்களையும் அவரே வாசித்தார் என்பது உண்மையா?

எல்லாப் பாட்டிலும் இல்லை. 'லிவிங் ஃபார் த சிட்டி', 'ஹையர் கிரவுண்ட்', 'ஜீசஸ் சில்ட்ரன் ஆஃப் அமெரிக்கா' மூன்றிலும் கேட்பது முழுக்க அவர்தான். டிரம்ஸ், சிந்தசைசரில் வாசித்த பேஸ், கீபோர்டு, கைத்தட்டல், குரல் எல்லாம். 'ஹீஸ் மிஸ்ட்ரா நோ-இட்-ஆல்' பாட்டில் பேஸ் மட்டும் வில்லி வீக்ஸ். 'விஷன்ஸ்' பாட்டில் டீன் பார்க்ஸ், டேவிட் டி வாக்கர் இருவரின் கிட்டார், மால்கம் செசிலின் டபுள் பேஸ்.

அவருடைய டிரம்ஸைத் தனியாகக் கவனித்துப் பாருங்கள். காலால் திறந்து மூடும் இரட்டைத் தட்டான ஹை-ஹாட் ஒரே சீராகப் போகாது. ஒவ்வொரு சுற்றிலும் எங்கேயாவது சின்னதாக ஒரு திறப்பு, ஒரு தள்ளாட்டம் இருக்கும். கீபோர்டு வாசிக்கிற அதே மனம்தான் டிரம்ஸும் வாசிக்கிறது என்பதால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்துக்கொண்டே போகும்.

'லிவிங் ஃபார் த சிட்டி' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஆல்பத்தின் மையமே அதுதான். கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

எலக்ட்ரிக் பியானோவில் இரண்டே ஸ்வர அடுக்குகள் அசைந்தாடத் தொடங்கும். கீழே சிந்தசைசர் பேஸ். தெற்கு மாநிலமான மிசிசிப்பியில் கஷ்ட காலத்தில் ஒரு பையன் பிறக்கிறான் என்று கதை ஆரம்பிக்கும். அழகில்லாத நான்கு சுவர்கள், ஆனால் அன்பான அப்பா அம்மா. அப்பா சில நாள் 14 மணி நேரம் உழைக்கிறார், கையில் மிஞ்சுவது ஒரு டாலர்கூடத் தேறாது. அம்மா வீடு வீடாகத் தரை துடைக்கிறாள், காசு சேர்வதில்லை. தங்கை நடந்தே பள்ளிக்குப் போகிறாள். அவளுடைய உடை பழையது, ஆனால் ஒருநாளும் அழுக்காக இருந்ததில்லை. அண்ணன் புத்திசாலி, பொறுமைசாலி, ஆனால் அந்தப் பொறுமை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஏனென்றால் அவன் இருக்கும் ஊரில் கறுப்பர்களை வேலைக்கு எடுப்பதில்லை.

'உடை பழையது, ஆனால் அழுக்கில்லை' என்ற அந்த ஒரு விவரம் ஒரு குடும்பத்தின் மானத்தை முழுக்கச் சொல்லிவிடுகிறது. அதை எழுதியவர் பார்வையில்லாதவர். ஏழை வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்த ஒருவர்தான் இதை எழுத முடியும்.

பாட்டின் நடுவில் இசை விலகி ஒரு சின்ன ஒலிநாடகம் வரும். அந்தப் பையன் பேருந்தில் நியூயார்க் வந்து இறங்குகிறான். வானுயர்ந்த கட்டடங்களைப் பார்த்து, தான் கற்பனை செய்தபடியே இருக்கிறது என்று வாய் பிளக்கிறான். யாரோ ஒருவன், 'தம்பி, இதைத் தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடு' என்று ஒரு பொட்டலத்தைத் திணிக்கிறான். சைரன். 'நான் என்ன செய்தேன்?' நீதிபதியின் குரல்: பத்து ஆண்டு. சிறைக்கதவு அறைந்து சாத்தப்படுகிறது. காவலாளி இனத்தைச் சொல்லித் திட்டி அவனை அறைக்குள் தள்ளுகிறான். எல்லாம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஆகும்.

இதில் நடித்தவர்கள் நடிகர்கள் இல்லை. பையனாகப் பேசியவர் ஸ்டீவியின் சகோதரர் கால்வின். நீதிபதியாகப் பேசியவர் விகோடா, அதே ஒப்பந்த வழக்கறிஞர். காவலாளியாகப் பேசியவர் ஸ்டூடியோவின் துப்புரவுப் பணியாளர். தெருச் சத்தங்கள் உண்மையான தெருவில் பதிவு செய்தவை.

நாடகம் முடிந்ததும் பாட்டு திரும்பி வரும், ஆனால் பாடுகிறவரின் தொண்டை மாறியிருக்கும். கரகரத்து, கிழிந்து, கிட்டத்தட்ட உறுமலாக. அந்தக் குரல் வருவதற்காகப் பாடும்போது வேண்டுமென்றே டேப்பை நிறுத்தி நிறுத்தி அவருக்குக் கோபம் மூட்டியதாக ஒலிப்பதிவு செய்தவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். பையனுக்கு இப்போது தலைமுடி நீண்டுவிட்டது, கால் காய்த்துப் போய்விட்டது, நியூயார்க் தெருக்களில் அலைகிறான், நச்சுக் காற்றில் பாதி செத்துவிட்டான். முதல் பாதியில் அம்மா அப்பாவோடு வாழ்ந்தவன் இவன்தான் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் வலிக்கிறது.

வானொலிக்கான குறுகிய சிங்கிள் பதிப்பில் ஒலிநாடகம் கிடையாது. அதைக் கேட்டுவிட்டுப் பாட்டைத் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள். ஆல்பத்தில் உள்ள 7 நிமிடப் பதிப்பையே கேளுங்கள்.

கதையில் கொஞ்சம் மிகை இல்லையா? ஒரு பொட்டலத்துக்குப் பத்து ஆண்டா?

மிகை இல்லை. 1973 மே மாதம் நியூயார்க் மாநில ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லர் புதிய போதைப்பொருள் சட்டங்களில் கையெழுத்திட்டார். ஹெராயின் போன்ற பொருளை 1 அவுன்ஸ் விற்றாலோ 2 அவுன்ஸ் வைத்திருந்தாலோ குறைந்தது 15 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ஆல்பம் வந்த அடுத்த மாதம், செப்டம்பர் 1 அன்று, அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். 2000-களில்தான் அந்தச் சட்டம் கணிசமாகத் தளர்த்தப்பட்டது. பாட்டு அந்தச் சட்டத்தைப் பற்றி எழுதப்பட்டதல்ல. ஆனால் பாட்டில் வரும் நீதிபதி, பின்னால் வரப்போகும் தண்டனைகளோடு ஒப்பிட்டால், குறைவாகத்தான் கொடுத்திருக்கிறார்.

பேருந்தேறி வடக்கே வந்ததும் கற்பனை இல்லை. 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். ஸ்டீவியின் தாயும் அவர்களில் ஒருவர்.

'ஹையர் கிரவுண்ட்' பாட்டில் அந்த 'வக்கா வக்கா' ஒலி என்ன வாத்தியம்? கிட்டாரா?

கிட்டார் இல்லை. ஹோனர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கிளாவினெட். பார்க்க ஒரு சின்ன கீபோர்டு. ஆனால் உள்ளே கம்பிகள் உண்டு. கட்டையை அழுத்தினால் அடியில் உள்ள சிறிய ரப்பர் முனை கம்பியை அடிக்கும். எலக்ட்ரிக் கிட்டாரில் இருப்பது போன்ற பிக்கப் அந்த அதிர்வை எடுத்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். அதனால்தான் கிட்டாரோ என்று தோன்றுகிறது.

ஸ்டீவி அந்த ஒலியை மியூட்ரான் என்ற, ஒலியை வடிகட்டும் ஃபில்டர் பெட்டி வழியாக அனுப்பினார். கட்டையை மெதுவாகத் தொட்டால் ஃபில்டர் கொஞ்சமே திறக்கும், ஓங்கித் தட்டினால் முழுக்கத் திறக்கும். ஒவ்வொரு ஸ்வரமும் வாய் திறந்து மூடுவது போலக் கேட்பது அதனால்தான். விரலின் அழுத்தமே உச்சரிப்பு ஆகிவிடுகிறது. ஒரே கிளாவினெட் இல்லை, ஒன்றன் மேல் ஒன்றாகப் பல முறை வாசித்து அடுக்கியிருக்கிறார். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு கிளாவினெட் விட்ட இடைவெளியில் இன்னொன்று நுழைவது நன்றாகத் தெரியும்.

எழுதி, வாசித்து, பாடி முடிக்க மூன்று மணி நேரம்தான் ஆனது என்று அவர் சொல்லியிருக்கிறார். சிப்பாய்கள் போர் செய்துகொண்டே இருக்கிறார்கள், அதிகாரத்தில் இருப்பவர்கள் பொய் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், நானோ இன்னொரு முறை முயன்று மேலே ஏறுவேன் என்பது பாட்டின் சாரம். கடந்த பிறவியில் செய்த பாவத்துக்குப் பிறகு மறுபடி ஒரு வாய்ப்பு கிடைத்தது என்றும் ஒரு வரி வருகிறது. அமெரிக்க வானொலியில் முன்னணியில் ஒலித்த ஒரு ஃபங்க் பாட்டுக்குள் மறுபிறவி!

ஆல்பம் வந்தவுடனே அவருக்கு ஒரு விபத்து நடந்ததாமே?

மூன்றாவது நாள். 1973 ஆகஸ்ட் 6. தெற்கு கரோலினாவில் கச்சேரி முடித்துவிட்டு, வடக்கு கரோலினாவின் டர்ஹாம் நகரில் ஒரு கறுப்பின சமூக வானொலிக்கு நிதி திரட்டும் கச்சேரிக்காகக் காரில் போய்க்கொண்டிருந்தார். சாலிஸ்பரி அருகே, மரக்கட்டை ஏற்றிய லாரியில் கார் மோதியது. தலையில் பலத்த அடி. நான்கு நாள் கோமா.

அவருடைய குழுவைச் சேர்ந்த ஐரா டக்கர் ஜூனியர் மருத்துவமனையில் அவர் காதருகே 'ஹையர் கிரவுண்ட்' பாட்டை உரக்கப் பாடியதாகவும், கொஞ்ச நேரத்தில் ஸ்டீவியின் விரல்கள் அந்தத் தாளத்துக்கு அசைந்ததாகவும் பிற்பாடு சொன்னார். அப்போதுதான் ஆள் பிழைத்துவிடுவார் என்று நம்பிக்கை வந்ததாம். நெற்றியில் தழும்பு நின்றது, முகரும் திறன் பாதிக்கப்பட்டது. செப்டம்பர் 25 அன்று பாஸ்டனில் இங்கிலாந்துப் பாடகர் எல்டன் ஜானின் கச்சேரியில் திடீரென்று மேடையேறிப் பாடினார்.

'ஹையர் கிரவுண்ட்' விபத்துக்குப் பிறகு எழுதப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அதற்கு முன்பே எழுதிப் பதிவாகிவிட்டது. இரண்டாம் வாய்ப்பைப் பற்றிய பாட்டு முன்கூட்டியே வந்துவிட்டது என்பதுதான் அவரையும் பிற்காலத்தில் யோசிக்க வைத்தது.

கடைசிப் பாட்டு நிக்சனைப் பற்றியதா?

'ஹீஸ் மிஸ்ட்ரா நோ-இட்-ஆல்' பாட்டில் எந்தப் பெயரும் இல்லை. ஆனால் 1973 கோடையில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் நிக்சன் ஆட்சியைச் சிக்கவைத்த வாட்டர்கேட் ஊழலின் விசாரணை ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்தவன்போல் பேசி, கைகுலுக்கி, ஏமாற்றிவிட்டுப் போகும் ஒருவனைப் பற்றி அந்த நேரத்தில் பாடினால் கேட்டவர்களுக்கு யார் ஞாபகம் வந்திருக்கும்? ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சன்தான் என்று பரவலாக நம்பப்படுகிறது.

என்னைக் கவர்வது அதன் குரல். திட்டவே மாட்டார். பியானோவோடு இதமாகத் தொடங்கி, ஒரு நல்ல நண்பனை அறிமுகப்படுத்துவது போலப் பாடுவார். போகப் போகக் கைத்தட்டலும் ஃபங்க்கும் ஏறும்போதுதான் கோபம் வெளியே தெரியும்.

மற்ற பாட்டுகளும் சமூகப் பாட்டுகள்தானா?

'டூ ஹை' போதையில் மூழ்கிய ஒரு பெண்ணைப் பற்றியது. கேட்க ஜாலியாக இருக்கும், பின்னணிக் குரல்கள் வேடிக்கையாக மேலும் கீழும் தாவும், நடுவில் ஸ்டீவியின் ஹார்மோனிகா வரும். ஆனால் பாட்டு முடியும்போது அந்தப் பெண் இறந்துவிடுகிறாள். இந்த ஆல்பத்தின் முதல் பாட்டாக இதை வைத்தது துணிச்சல்.

'விஷன்ஸ்' அதற்கு நேர் எதிர். டிரம்ஸே இல்லை. வெறுப்பு ஒரு கனவாகப் போய், அன்பு நிலைத்திருக்கும் ஒரு நாடு உண்டா, அல்லது அது என் மனக்காட்சி மட்டும்தானா என்ற கேள்வி. 'அகக்காட்சிகள்' என்று பொருள்படும் ஆல்பத்தின் தலைப்பு இந்தப் பாட்டின் அருகில்தான் நிற்கிறது. 'ஜீசஸ் சில்ட்ரன் ஆஃப் அமெரிக்கா' பக்தியைக் கேள்வி கேட்கிறது. பிரசங்கம் செய்கிறவரே, நீங்கள் உண்மையைத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, போதை ஊசிக்கு அடிமையானவரையும் தியானம் செய்கிறவரையும்கூட விடாமல் விசாரிக்கிறது. கடவுள் நம்பிக்கை உள்ள ஒருவர் எழுதியது என்பதால் அதில் ஏளனம் இல்லை, கவலைதான் இருக்கிறது.

காதல் பாட்டுகள் எதற்கு நடுவில்?

'கோல்டன் லேடி', 'ஆல் இன் லவ் இஸ் ஃபேர்', 'டோண்ட் யூ வொரி பவுட் எ திங்' மூன்றும் தனிமனித உறவுகளைச் சுற்றியவை. சிறைக்கதவின் சத்தத்துக்குப் பிறகு 'கோல்டன் லேடி' வருவது எனக்குச் சரியாகவே படுகிறது. மூச்சு விட ஒரு இடம் வேண்டும். 'டோண்ட் யூ வொரி' லத்தீன் தாளத்தில் போகும் ஒரு கொண்டாட்டம். அதன் தொடக்கத்தில் அவர் ஒரு பெண்ணிடம், தான் உலகம் சுற்றியவன் என்று பெருமையடிக்கும் பேச்சு சுவையானது.

'ஆல் இன் லவ் இஸ் ஃபேர்' மட்டும் என் காதுக்கு இந்த ஆல்பத்தோடு ஒட்டவில்லை. நல்ல பாட்டுதான். முதல் மனைவி சிரீட்டா ரைட்டோடு மணமுறிவு ஏற்பட்ட காலத்தின் வலி அதில் தெரிகிறது. ஆனால் வேறு எந்தத் தட்டிலும் அது இருந்திருக்கலாம்.

பத்திரிகையாளர்களின் கண்ணைக் கட்டிக் கேட்க வைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஆல்பம் வருமுன் நியூயார்க்கில் செய்தியாளர்களைக் கண்ணைக் கட்டிப் பேருந்தில் நகரத்தைச் சுற்றிக் கூட்டிப்போய், அப்படியே ஸ்டூடியோவில் உட்கார வைத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். விளம்பர உத்திதான். ஆனாலும் 'லிவிங் ஃபார் த சிட்டி' ஒலிநாடகத்தை அவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் சிலிர்க்கிறது. நீங்களும் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இதற்கு முன்பே வந்துவிட்டதே?

ஆமாம், சமூகத்தைப் பாடிய அந்த சோல் ஆல்பம் 1971-இல், அதே மோட்டவுனில் வந்தது. அந்தத் தலைப்புப் பாட்டை வெளியிட பெர்ரி கோர்டி முதலில் விரும்பவில்லை. வெளிவந்து நன்றாக விற்ற பிறகுதான் முழு ஆல்பத்துக்கே வழி பிறந்தது. கர்ட்டிஸ் மேஃபீல்டு 'சூப்பர் ஃப்ளை' மூலம் 1972-இல் போதை வியாபாரத்தின் உள்பக்கத்தைப் பாடினார். ஸ்லை ஸ்டோன் 1971-இல் ஏமாற்றத்தின் கசப்பைப் பாடினார். ஆகவே ஸ்டீவி தனியாக வரவில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1968-இல் கொல்லப்பட்ட பிறகு, வியட்நாம் போர் இழுத்துக்கொண்டே போன ஆண்டுகளில், ஒரு தலைமுறைக் கலைஞர்கள் முழுவதும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், மார்வின் கே வயலின்களும் பெரிய இசைக்குழுவும் சூழ, மன்றாடுகிறார். ஸ்டீவி பெரும்பாலும் தனியாக, இயந்திரங்களோடு உட்கார்ந்து, குறிப்பிட்ட ஒரு ஆளின் கதையைச் சொல்கிறார். எனக்கு இரண்டும் வேண்டும்.

அன்றைக்கு வரவேற்பு எப்படி இருந்தது?

அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் ஆல்பப் பட்டியலில் நான்காம் இடம், சோல் பட்டியலில் முதலிடம். 'ஹையர் கிரவுண்ட்' பொதுப் பட்டியலில் 4, 'லிவிங் ஃபார் த சிட்டி' 8. இரண்டும் சோல் பட்டியலில் முதலிடம். 1974 மார்ச்சில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. அடுத்த ஆண்டும் அதே விருது, 1977-இல் மறுபடியும். இடையில் 1976-இல் அதே விருதை வாங்கிய பாடகர் பால் சைமன், அந்த ஆண்டு ஆல்பம் போடாததற்காக ஸ்டீவிக்கு மேடையிலேயே நன்றி சொன்னார்.

பாட்டோடு நின்றுவிட்டாரா, செயலிலும் இறங்கினாரா?

இறங்கினார். மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கக் கோரி 1980-இல் 'ஹேப்பி பர்த்டே' பாட்டை வெளியிட்டார், வாஷிங்டனில் பேரணிகளை நடத்தினார், லட்சக்கணக்கான கையெழுத்துகள் திரட்டப்பட்டன. 1983-இல் ஜனாதிபதி ரீகன் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1986 ஜனவரியில் அந்த விடுமுறை முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்டது. 1985-இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிராக வாஷிங்டனில் அதன் தூதரகம் முன் போராடிக் கைதானார். அதே ஆண்டு தனக்குக் கிடைத்த ஆஸ்கரை நெல்சன் மண்டேலாவின் பெயரால் ஏற்றுக்கொண்டார். உடனே தென்னாப்பிரிக்க அரசு ஒலிபரப்பு நிறுவனம் அவருடைய பாட்டுகளைத் தடை செய்தது.

இங்கிலீஷ் வரிகள் சரியாகப் பிடிபடவில்லை. என்ன செய்வது?

முதலில் வரிகளை விட்டுவிடுங்கள். பேஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை டிரம்ஸை. மூன்றாவது முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தெற்கு மாநில உச்சரிப்பும் தெருவழக்கும் கலந்திருப்பதால் அங்கே பிறந்தவர்களுக்கே சில இடம் தடுக்கும். 'லிவிங் ஃபார் த சிட்டி' பாட்டுக்கு மட்டும் கதையை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. மேலே சொல்லியிருப்பது போதும்.

இது பிடித்துவிட்டது. அடுத்து எதைக் கேட்கலாம்?

பின்னால் போனால் 'டாக்கிங் புக்'. அதில் உள்ள 'சூப்பர்ஸ்டிஷன்' தான் கிளாவினெட்டை உலகத்துக்கே பழக்கியது. முன்னால் போனால் 1976-இன் 'சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்', இரண்டு முழுத் தட்டுகளும் கூடவே ஒரு சிறு தட்டும் கொண்ட பெரிய விருந்து. 'லிவிங் ஃபார் த சிட்டி' பாட்டை 1975-இல் ரே சார்ல்ஸ் பாடிய பதிவும் இருக்கிறது. தெற்கே ஜார்ஜியாவில் பிறந்து, சிறு வயதிலேயே பார்வை இழந்து, வறுமையில் வளர்ந்த ஒருவர் அந்தக் கதையைப் பாடுகிறார். அதற்காக அவருக்கும் கிராமி கிடைத்தது.

நிக்சன் கதை எப்படி முடிந்தது என்று தெரிய வேண்டுமானால் 1974-இன் 'யூ ஹேவன்ட் டன் நத்தின்' கேளுங்கள். இதில் இதமான பியானோ கிடையாது, நேரடித் தாக்குதல்தான், பின்னணியில் ஜாக்சன் ஃபைவ் குழுவின் குரல்கள். அந்தப் பாட்டு வெளிவந்த அதே ஆகஸ்ட் மாதத்தில் நிக்சன் பதவி விலகினார். நவம்பரில் பாட்டு முதலிடத்துக்கு வந்தது.